படத்தைக் காட்டுங்கள், அப்புறம் மூடிவிடுங்கள்: ஓவிய வகுப்புக் கேள்வி பதில்

கேள்வி: ஐந்தாம் வகுப்புக்கு வான்கோவின் 'விண்மீன்கள் நிறைந்த இரவு' காட்டினேன். நாற்பது பேரும் அதையே அச்சடித்த மாதிரி வரைந்து வைத்தார்கள். எங்கே தப்பு சார்?

பதில்: படத்தில் தப்பில்லை டீச்சர். 'இதைப் பார்த்து வரை' என்றால் பிள்ளை நகல்தான் எடுக்கும். டச்சு ஓவியர் வான்கோ 1889இல் பிரான்சின் சான் ரெமி மனநல மருத்துவமனையில் இருந்தபோது, சன்னலில் கண்ட விடியலுக்கு முந்தைய வானத்தை வைத்து வரைந்தது அது. கீழே இருக்கிற ஊர் அந்தச் சன்னலில் தெரியாது. அவராகச் சேர்த்துக்கொண்டார். இதை முதலில் சொல்லிவிட்டுப் படத்தை மூடிவையுங்கள். பிறகு, காற்றடிக்கும் ராத்திரியில் தங்கள் தெருவை வரையச் சொல்லுங்கள். ஒரே நிபந்தனை: வானத்தைக் கிரேயானால் தேய்த்து நிரப்பக் கூடாது, கோடு கோடாகத்தான் இழுக்க வேண்டும். வான்கோவிடம் வாங்க வேண்டியது அந்தக் கோட்டைத்தான்.

கேள்வி: 'எனக்கு வரைய வராது' என்று கைகட்டி உட்காரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு?

பதில்: கத்தரிக்கோலைக் கொடுங்கள். 1941இல் நடந்த பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும்தான். உதவியாளர்கள் வண்ணம் பூசிய தாள்களை வெட்டியே படம் செய்தார். பென்சிலால் கோடு போட்டுவிட்டு வெட்ட விடாதீர்கள். பசையைக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் கண்ணில் காட்ட வேண்டும். அதுவரை துண்டுகளை நகர்த்தி நகர்த்திப் பார்க்கட்டும்.

கேள்வி: பிக்காசோ படமெல்லாம் குழந்தை கிறுக்கியது போல இருக்கிறதே. என் மகளுக்கு அதில் என்ன பாடம்?

பதில்: அவருடைய 'காளை' வரிசையைப் பாருங்கள். 1945 கடைசியில் தொடங்கிய 11 கல்லச்சுப் படங்கள் (கல்லில் வரைந்து தாளில் அச்செடுப்பவை). தொடக்கத்தில் சதையும் திமிலுமாக நிற்கும் மாடு, கடைசியில் சில கோடுகள்தான். ஓர் ஆட்டையோ ஆட்டோவையோ ஐந்து தாளில் அப்படிக் குறைத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒருவன் இரண்டாம் தாளிலேயே கொம்பை எடுத்துவிட்டான். 'இது கழுதைடா' என்று ஒரே சண்டை. எதை எடுத்தால் ஆடு ஆடாக இருக்காது என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

கேள்வி: எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள்தானா?

பதில்: ஏன், நம் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் இருக்கிறாரே! 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறிகளும்' வரிசையில் எழுத்து, கணக்குக் குறி, ஜாதகக் கட்டம் எல்லாம் ஓவியமாகியிருக்கும். பழைய கணக்கு நோட்டு ஒன்று போதும், பாடம் ரெடி. சென்னைப் பக்கம் இருப்பவர்கள், 1966இல் அவர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கே பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம்.

கேள்வி: புரொஜெக்டர் இல்லை, சார்.

பதில்: ஒரு கலர் பிரிண்ட் போதும். ஆனால் உண்மையான அளவைக் கரும்பலகையில் சாக்பீஸால் கட்டம் போட்டுக் காட்டுங்கள். வான்கோவின் இரவு சுமார் 74க்கு 92 செ.மீ.தான், பலகையில் அடங்கிவிடும். மத்தீஸ் தாள் வெட்டிச் செய்த 'நத்தை' ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 3 மீட்டர். அதற்குப் பெஞ்சை ஒதுக்கித் தரையில்தான் போட வேண்டும்.