பிரேக் இல்லாத சைக்கிளும் மினிமம் டியூவும்

கேள்வி: வயது 29. கோவையில் மெஷின் டிசைன் வேலை. பிடித்தம் போக 52,000 ரூபாய் வருகிறது. எட்டு மாதமாக ஒரு எண்டியூரோ (மலைப் பாதை இறக்கத்தில் நேரம் பார்க்கும் சைக்கிள் போட்டி) மவுண்டன் பைக்கைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கிறேன். பெங்களூரில் ஒருவரிடம் பழைய அலுமினிய ஃபிரேம் வாங்கினேன். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், கியர், டயர் வந்துவிட்டன. அலுமினிய வீல் செட் இருந்தும், எடை குறையட்டும் என்று போன மாதம் கார்பன் வீல் செட் எடுத்தேன். பிரேக் (18,000), பின்சக்கர அதிர்வைத் தாங்கும் ஷாக் (30,000) பாக்கி. எல்லாம் கிரெடிட் கார்டில்தான், நிலுவை 1,38,000. மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையான மினிமம் டியூ 7,000-ஐத் தவறாமல் கட்டுகிறேன். அதுபோக மாதம் ஏழாயிரத்துக்கு ஏதாவது பாகம் வாங்குவேன். இப்போதைய கணக்கில் பைக் 15.5 கிலோ வரும். ஒரு கிலோ குறைகிற கார்பன் ஃபிரேம், 1,60,000 ரூபாய், 24 மாத நோ காஸ்ட் இஎம்ஐயில் கிடைக்கிறது. வட்டி இல்லையே, எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பட்ஜெட் போடுவது, சேமிப்பது பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிராம் கிராமாக எடைக் கணக்கு வைத்திருப்பவர் நீங்கள். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கார்டு ஸ்டேட்மென்ட்டையும் ஒருமுறை பாருங்கள். வாங்கிய பொருள்களுக்குக் கீழே வட்டி என்று ஒரு வரி, அதற்கும் கீழே அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி என்று இன்னொரு வரி இருக்கும்.

பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டித்தான். 1,38,000-க்கு 4,830 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 870. ஆக 5,700. நீங்கள் கட்டும் 7,000-ல் அசலுக்குப் போவது 1,300 மட்டும். அதே மாதம் ஏழாயிரத்துக்குப் புதிதாக வாங்கினால் கடன் எப்படிக் குறையும்? போதாததற்கு, நிலுவை வைத்திருப்பவருக்கு வட்டியில்லாக் காலமும் கிடையாது. புதுப் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். வருடத்துக்கு 68,000 ரூபாய் இப்படிப் போகிறது. பிரேக்கும் ஷாக்கும் சேர்த்தே 48,000-தான். தவறாமல் கட்டுவதால் அபராதம் வராது, அவ்வளவே.

நோ காஸ்ட் இஎம்ஐக்கு வருவோம். வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கும். அல்லது ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது. ‘ரொக்கம் என்றால் என்ன விலை?’ என்று கடையில் கேட்டுப் பாருங்கள். வட்டிப் பகுதி மீதான ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் தனி. சரி, இதெல்லாம் சில்லறை என்றே வைத்துக்கொள்வோம். தவணை மாதம் 6,667. அது முழுவதும் மினிமம் டியூவில் சேரும். 7,000 என்பது 13,700 ஆகிவிடும்.

இனி அந்த ஒரு கிலோ. உங்கள் எடை 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஹெல்மெட், தண்ணீர், டூல் என்று நாலு கிலோ, சைக்கிள் 15.5. மொத்தம் 90-ஐ ஒட்டி. அதில் ஒரு கிலோ குறைந்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது நாற்பது விநாடி. எண்டியூரோவில் ஏற்றத்துக்குக் கால வரம்பு உண்டே தவிர, யாருக்கு எந்த இடம் என்பது முடிவாவது இறக்கத்தின் நேரத்தில். அந்த இறக்கத்துக்கு வேண்டிய பிரேக்தான் உங்களிடம் இல்லை! ஃபிரேம் மாறினால் ஷாக் அளவு, சீட் போஸ்ட் (இருக்கைக் கம்பி) விட்டம், பின் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) அகலம் எல்லாம் ஒத்துவருமா என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஒன்று பொருந்தாவிட்டாலும் கார்டு மறுபடி வெளியே வரும்.

எடை குறைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. டியூபைக் கழற்றிவிட்டு டியூப்லெஸ் ஆக்கினால் குறைந்த செலவில் கொஞ்சம் இறங்கும். டயரில் மட்டும் கை வைக்காதீர்கள். மெல்லிய டயர் பாறையில் கிழிந்தால் அடுத்து அடி வாங்குவது அந்தக் கார்பன் ரிம்.

செய்ய வேண்டியது இது. கார்டு நிலுவையை பர்சனல் லோனாக மாற்றுங்கள். 16 சதவீதத்தில் 18 மாதம் என்றால் தவணை சுமார் 8,700. மொத்த வட்டி 18,000 சொச்சம். பிராசஸிங் கட்டணத்தைச் சேர்த்தாலும் இப்போது நான்கு மாதத்தில் வட்டியும் ஜிஎஸ்டியுமாகக் கொடுப்பதை ஒட்டித்தான் வரும். நிலுவை தீர்ந்த அன்றே இணையக் கடைகளில் சேமித்து வைத்த கார்டு எண்ணை அழித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் லோன் மட்டும் எடுத்தால் ஆறு மாதத்தில் இரண்டு கடன் இருக்கும். நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இப்போது கார்டுக்கும் பாகங்களுக்குமாக மாதம் 14,000 போகிறது. தவணை போக 5,300 மிஞ்சும். சும்மா கிடக்கும் அலுமினிய வீல் செட்டை விற்றுவிடுங்கள். பன்னிரண்டாயிரம் வந்தாலும் போதும், இரண்டு மாத மிச்சத்தைச் சேர்த்து பிரேக் வாங்கிவிடலாம். அப்புறம் ஆறு மாதத்தில் ஷாக். அவசரமென்றால் கார்பன் வீல் செட்டைக் கொடுத்துவிட்டு அலுமினியத்திலேயே ஓட்டுங்கள். பழசாகி விலை இறங்கும் முன் அதைச் செய்வது நல்லது.

ஓட்டத் தொடங்கும் முன் உங்கள் விபத்துக் காப்பீட்டு பாலிசியில் சாகச விளையாட்டில் அடிபட்டால் பணம் கிடையாது என்ற விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கார்பன் ஃபிரேமுக்கு முன்பு, அதையும் சேர்த்துக் காக்கும் பாலிசிக்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும்.