பெல்ஜியம், ஜெர்மனி பீர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது, ஏன்?

ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும் என்றால் ஓர்வால்.

பெல்ஜியத்தின் தென்கோடியில், பிரெஞ்சு எல்லையை ஒட்டிய ஒரு டிராப்பிஸ்ட் (கத்தோலிக்கத் துறவிகளின் ஒரு பிரிவு) மடத்தில் தயாராகிறது. ஆலை தொடங்கியது 1931இல். கடைகளுக்கு வருவது இந்த ஒரே வகைதான். பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டையும் சேர்த்துவிடுகிறார்கள். மூடி போட்ட பிறகும் அது உள்ளே மெதுவாக வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். புது பாட்டிலில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசமும் கசப்பும் தூக்கலாக இருக்கும். ஒரு வருடம் கழித்துத் திறந்தால் ஹாப்ஸ் அடங்கி, தோல், மண், வைக்கோல் என்று வேறு வாசங்கள் மேலே வரும். அடைத்த தேதியை லேபிளிலேயே போட்டிருப்பார்கள். கடையில் நான் முதலில் தேடுவது அதைத்தான். எனக்கு வயதானது பிடிக்கும். புதிதாகக் குடிப்பதுதான் முறை என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு.

வெஸ்ட்ஃப்லெடெரன் 12 ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அதுவும் ஒரு டிராப்பிஸ்ட் மடத்து பீர், நெடுங்காலம் லேபிள் கூட ஒட்டாமல், முன்பதிவு செய்தவர்களுக்கு மடமே விற்று வந்தது. அருமையானதுதான். ஆனால் அதன் புகழில் பாதி, எளிதில் கிடைக்காததால் வந்தது என்பது என் எண்ணம். அதே ரகத்தில் ரோஷ்ஃபோர் 10 இருக்கிறது. 11.3 சதவீதம் ஆல்கஹால், உலர்ந்த அத்திப்பழ வாசம். ஒரு பாட்டிலோடு நிறுத்திக்கொள்வது உடம்புக்கு நல்லது!

புளிப்பு பிடித்தால் பிரஸ்ஸல்ஸின் கான்டியோன் ஆலை தரும் கூஸ். குளிர் மாதங்களில் கொதித்த தானியச் சாற்றைத் திறந்த தொட்டியில் இரவெல்லாம் ஆறவிடுவார்கள். காற்றில் வரும் நுண்ணுயிர்களே நொதிக்க வைக்கும். பிறகு மரப்பீப்பாயில் ஒன்று, இரண்டு, மூன்று வருடம் இருந்தவற்றைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் அதுதான் கூஸ்.

ஜெர்மனிக்கு வந்தால் முதலில் பவேரியாவின் கோதுமை பீர், அதிலும் ஷ்னைடர். வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், ஆனால் இரண்டையும் யாரும் போடுவதில்லை. எல்லாம் ஈஸ்ட்டின் கைவேலை. வேடிக்கை என்னவென்றால், வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்ற 1516ஆம் ஆண்டு பவேரியச் சட்டத்தில் ஈஸ்ட் பற்றிப் பேச்சே இல்லை. அந்தச் சட்டத்துக்கு விதிவிலக்காக, கோதுமை பீர் காய்ச்சும் உரிமை நெடுங்காலம் அரச குடும்பத்திடமே இருந்தது. 1872இல் அந்த உரிமையைப் பெற்றவர்தான் கேயோர்க் ஷ்னைடர். அவர்களுடைய அவென்டினுஸ், 8.2 சதவீதம், குளிர்காலத்துக்கென்றே செய்தது போல இருக்கும்.

கொலோன் நகரத்து வெளிர் பீரான கோல்ஷ் சுவைக்காக அல்ல, பரிமாறும் விதத்துக்காகப் பிடிக்கும். 200 மில்லி கிளாஸ் காலியானதும் கேட்காமலே அடுத்தது வந்துவிடும். போதும் என்றால், கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்து அதன் மேல் வைக்க வேண்டும்.

அப்புறம் பாம்பெர்க் ஊரின் ஷ்லென்கெர்லா. பீச் (beech) மரத்தீயில் மால்ட்டை, அதாவது முளைகட்டிய தானியத்தை, உலர்த்துவதால் புகையில் வாட்டிய இறைச்சி வாசம் வரும். முதல் மடக்கில் பலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்த முதல் மடக்கிலேயே பிடித்துவிட்டது. தயக்கமாக இருந்தால் அதே ஆலையின் ஹெல்லஸ் என்ற வெளிர் பீரில் தொடங்குங்கள். அதில் புகை மால்ட் கிடையாது, ஆனாலும் அதே பாத்திரங்களில் காய்ச்சுவதால் லேசாகப் புகை ஒட்டியிருக்கும்.