உளநல சக ஆதரவாளர் பயிற்சி: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

இருமுனை உளநோயுடன் (மனநிலை மிகை உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிமாறிச் செல்லும் நோய்) வாழ்ந்துகொண்டே ஒன்பது ஆண்டுகளாக இப்பணியில் இருப்பவள் என்ற முறையில் பதிலளிக்கிறேன். நான் வைத்தியரும் அல்ல, உளவளத்துணையாளரும் அல்ல.

உவர்மலையிலிருந்து: அம்மா, உளவளத்துணையாளர் இருக்கும்போது சக ஆதரவாளர் எதற்கு?

உளவளத்துணையாளர் படிப்பினால் தகுதி பெறுகிறார். சக ஆதரவாளரோ உளநோயைத் தாமே அனுபவித்து, அதிலிருந்து மீளும் வழியில் நடந்தவர். அந்த அனுபவத்தைப் பிறருக்குப் பயன்படுமாறு கையாளவே அவருக்குப் பயிற்சி தேவைப்படுகிறது. கிளினிக் கொப்பியைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, அதைக் கடைப் பைக்குள் ஒளித்து வாங்கில் அமர்ந்திருக்கும் பெண்ணிடம், "நானும் இப்படித்தான் சுற்றிக்கொண்டு வந்தேன்" என்று சொல்லக்கூடியவர் அவர்தான். நோயை நிர்ணயிப்பதும் குளிசையின் அளவைப் பற்றிப் பேசுவதும் அவருடைய வேலையல்ல.

மூதூரிலிருந்து: அக்கா, என் தம்பி மனச்சிதைவு நோய்க்கு நான்கு வருடங்களாகக் குளிசை எடுக்கிறார். சாதாரண தரமும் சித்தியடையவில்லை. சேரலாமா?

குளிசை எடுப்பது தடையல்ல. வாசிக்கவும் சிறு குறிப்பு எழுதவும் தெரிந்தால் கற்றுக்கொள்ளலாம். சான்றிதழுக்குக் கல்வித் தகைமை கேட்கிறார்களா என்பதை மட்டும் நிறுவனத்திடம் விசாரியுங்கள். நோய் மீண்டும் தலைகாட்டும்போது முதலில் தெரியும் அறிகுறி எது, அப்போது யாரிடம் சொல்வது என்பதைத் தம்பி தாமாகவே எழுதி வைத்திருக்கிறாரா என்றே நான் கேட்பேன். ஆசை அவருடையதா, உங்களுடையதா என்பதையும் ஒருமுறை யோசியுங்கள்.

கிண்ணியாவிலிருந்து: ஆறுதல் சொல்ல எல்லோருக்கும் தெரியுமே. பயிற்சியில் அப்படி என்னதான் கற்பிக்கிறார்கள்?

ஆறுதல் சொல்லாமல் இருக்கக் கற்பிக்கிறார்கள் என்றால் நீங்கள் சிரிக்கக்கூடும். நான் நடத்தும் வகுப்பில் முதல் நாளே ஒவ்வொருவரும் தமது கதையை மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும். பிறகு, எதிரில் இருப்பவர் கணவனை இழந்து ஆறு மாதமாக உறங்காத ஒருவர் என்று வைத்துக்கொண்டு, அவருக்குப் பயன்படாத ஒவ்வொரு வாக்கியத்தையும் நீக்கச் சொல்வேன். பெரும்பாலானோருக்கு நான்கைந்து வாக்கியங்களே மிஞ்சும். சிலர் அழுவார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்தே போனார், மறுநாள் வந்தார். சொந்தக் கதையைச் சொல்லி நம் பாரத்தை இறக்கிக்கொள்வதற்கும், அடுத்தவருக்கு ஒரு வழி தெரியட்டும் என்று அதில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு அந்தப் பயிற்சியில்தான் விளங்குகிறது.

இதற்கு அப்பால் உளவியல் முதலுதவி, அதாவது நெருக்கடியில் இருப்பவருக்கு உடனே கொடுக்கும் துணை, உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி அதைப் பார்த்தல், கேட்டல், தேவையான உதவியோடு இணைத்தல் என்று மூன்றாக வகுக்கிறது. நம் ஊரில் கடினமானது மூன்றாவது: கிளினிக் நாள், பிரதேச செயலகத்தில் சந்திக்க வேண்டிய உத்தியோகத்தர், சம்பூரிலிருந்து வருபவரின் பேருந்து நேரம் ஆகியவற்றை அறிந்திராத ஆதரவாளர் யாரையும் எதனோடும் இணைக்க முடியாது. இரகசியம் பேணலும் சிறிய இடத்தில் கடினம், ஏனெனில் நீங்கள் சந்திப்பவர் உங்கள் மச்சாளின் அயலவராக இருப்பார்.

நிலாவெளியிலிருந்து: மூன்று மாதப் பாடநெறி, முடித்தால் அரச வேலை என்று விளம்பரம் பார்த்தேன். பணம் கட்டலாமா?

அரச வேலை என்று சொன்ன இடத்திலேயே நான் சந்தேகிப்பேன். நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா, அந்தப் பாடநெறி தனியே அங்கீகாரம் பெற்றதா, சான்றிதழ் தேசிய தொழிற்தகைமைச் சட்டகத்தின் ஏழு மட்டங்களில் எதற்குரியது என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனப் பதிவும் பாடநெறி அங்கீகாரமும் வெவ்வேறு. களப்பயிற்சியை யார் மேற்பார்வை செய்கிறார் என்பதற்குப் பெயரும் பதவியும் சொல்லாவிட்டால் பணம் கட்டாதீர்கள்.

தம்பலகாமத்திலிருந்து: இதில் வருமானம் உண்டா?

பிற நாடுகளில் உண்டு. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலம் 1999இல் அரச மருத்துவக் காப்புறுதியிலிருந்து இச்சேவைக்குப் பணம் செலுத்தத் தொடங்கியது. 2007இல் அந்நாட்டு மத்திய அரசு மேற்பார்வை, பராமரிப்பு ஒருங்கிணைப்பு, பயிற்சியும் சான்றும் ஆகியவற்றை நிபந்தனைகளாக்கியது. இலங்கையில் சுனாமியின் பின் 2005இல் வந்த உளநலக் கொள்கை, பராமரிப்பைப் பெரிய மனநல வைத்தியசாலைகளிலிருந்து சமூகத்துக்குக் கொண்டுவர முனைந்தது. ஆயினும் இப்பணியை மட்டும் நம்பி இப்போது செய்யும் தொழிலை விட்டுவிடாதீர்கள். தொண்டராகத் தொடங்கி, தொண்டு நிறுவனங்களின் உளசமூகப் பணிகளுக்கு விண்ணப்பிப்பதே நான் பரிந்துரைக்கும் வழி.

பாலையூற்றிலிருந்து: ஒருவர் சாகப் போகிறேன் என்று சொல்லி, யாரிடமும் சொல்லாதே என்றால்?

அந்த வாக்கை ஒருபோதும் கொடுக்காதீர்கள். உயிராபத்து என்றால் நான் சொல்லியே ஆக வேண்டியிருக்கும் என்பதை முதல் சந்திப்பிலேயே அறிவித்துவிட வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. அவரைத் தனியே விடாதீர்கள், தோட்டத்து மருந்து (பூச்சிக்கொல்லி) வைத்திருக்கும் அறையின் சாவியை வீட்டாரிடம் கொடுக்கச் சொல்லுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 எண்ணை அழையுங்கள், ஆபத்து உடனடியானது என்றால் வைத்தியசாலைக்கு நீங்களே கூடச் செல்லுங்கள். பொலிஸ் வழக்கு வரும் என்று இன்னும் பல குடும்பங்கள் மறைக்கின்றன. தற்கொலை முயற்சி 1998 முதல் இந்நாட்டில் குற்றமல்ல. அதை அவர்களிடம் அப்போதே சொல்லுங்கள்.