சுற்றறிக்கை சுவரில் இருக்கிறது, எடையை யார் பார்ப்பது?

கேள்வி: மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் வார்டு பொறுப்புச் செவிலியராக இருக்கிறேன். மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு போன்றவற்றுக்காக ஆன்டிசைக்காடிக் மருந்து (எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடிய மனநோய் மருந்து) எடுக்கும் எல்லோருக்கும் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் குறிப்பிட்ட இடைவெளியில் பார்க்க வேண்டும் என்று புதிய வழிகாட்டுதல் வந்திருக்கிறது. வகுப்பு எடுத்தார்கள், சுற்றறிக்கையைச் சுவரில் ஒட்டினோம், தனி ரெஜிஸ்டரும் போட்டோம். இரண்டு மாதமாகப் பாதிக்கு மேல் காலியாகவே கிடக்கிறது. கேட்டால், “இருக்கிற வேலையே முடியல சிஸ்டர்” என்கிறார்கள். யாருக்கும் மெமோ கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: காலியாகக் கிடக்கும் பக்கங்களை விடுங்கள், நிரப்பிய பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். யாருக்காவது எடை ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் அப்புறம் என்ன நடந்தது? பல வார்டுகளில் ஒன்றுமே நடந்திருக்காது. ரவுண்ட்ஸில் அந்த எண்ணை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், கேஸ் ஷீட்டில் ஒரு வரிகூட ஏறியிருக்காது. யாரும் பார்க்காத எண்ணை நைட் ட்யூட்டி முடித்த களைப்பில் ஒருவர் எதற்காக எழுத வேண்டும்? இதை அலட்சியம் என்று நினைக்காதீர்கள். அந்த வேலையால் பயனில்லை என்பதை அவர்கள் சரியாகவே கணித்திருக்கிறார்கள்.

எனவே கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். யூனிட் சீஃபைத் தனியாகப் பார்த்து, எடை எவ்வளவு ஏறினால் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்ற இரண்டுக்கு மட்டும் தெளிவான பதில் வாங்குங்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் 2004இல் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரையில், தொடக்க எடையைவிட 5 சதவீதம் ஏறினாலே மருந்தை மாற்றுவது பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். 60 கிலோ ஆளுக்கு அது 3 கிலோ. இடுப்புச் சுற்றளவில் நம்மவர்களுக்கான எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் என்றால் சொல்லியே ஆக வேண்டும். இந்த எல்லைகளையோ, சீஃப் தீர்மானிக்கும் வேறு எல்லைகளையோ ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எல்லை தாண்டினால் அன்றைய ரவுண்ட்ஸிலேயே பி.ஜி. (முதுநிலை மாணவர்) டாக்டரிடம் சொல்வது, அவர் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதுவது என்பதுதான் ஏற்பாடு. மருந்தை மாற்றுவதாக இருக்கலாம், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சேர்ப்பதாக இருக்கலாம், ‘இப்போதைக்கு இதே மருந்து, அடுத்த வாரம் மறுபடி எடை’ என்றும் இருக்கலாம். முடிவு டாக்டருடையது. ஆனால் தான் சொன்னதற்கு ஒரு பதில் வருகிறது என்பது செவிலியர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மெமோ செய்யாததை இது செய்யும்.

அடுத்தது நேரம். “வேலை முடியல” என்பது சாக்கு மட்டுமல்ல, உண்மையும்கூட. புதிய வேலை ஒன்றைக் கொடுக்கிறீர்கள் என்றால் பழையது ஒன்றை எடுக்க வேண்டும். எடுப்பதற்கு உங்களிடம் இருப்பது அந்தத் தனி ரெஜிஸ்டர்தான். ஒரே எண்ணைக் கேஸ் ஷீட்டிலும் ரெஜிஸ்டரிலும் எழுதச் சொன்னால் இரண்டுமே உருப்படாது. சூப்பரின்டென்டென்டிடம் கேட்டுவிட்டு ரெஜிஸ்டரை மூடிவிடுங்கள். கேஸ் ஷீட்டின் முன்பக்கம் ஒரே தாள் போதும். எடை பார்ப்பதற்கு வாரத்தில் ஒரு காலையை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். டிபன் வருவதற்கு முன், எல்லோரும் விழித்திருக்கும் நேரம் நல்லது. எம்.என்.ஓ.வோ எஃப்.என்.ஓ.வோ (ஆண், பெண் வார்டு உதவியாளர்கள்) நோயாளியை மெஷினில் ஏற்றட்டும், செவிலியர் எழுதட்டும். ஓ.பி.யில் நீண்டநாள் ஊசிக்கு (ஒருமுறை போட்டால் பல வாரம் வேலை செய்யும் மருந்து) வருபவர்களுக்கு ஊசி நாள்தான் எடை நாள். அதற்கென்று தனியாக வரச்சொன்னால் வர மாட்டார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் மாதம் எடை மட்டும், அதுவும் புதிதாக மருந்து தொடங்கியவர்களுக்கு மட்டும். அவர்களிலும் ஓலன்சபின், க்ளோசபின் எடுப்பவர்கள்மேல்தான் அதிகக் கவனம் வேண்டும். இந்த இரண்டில்தான் எடை மிக வேகமாக ஏறும், அதுவும் முதல் சில வாரங்களில். சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு முதல் 6 வாரம் வாராவாரம் எடை பார்க்கச் சொல்வது இதனால்தான். அப்புறம் 12ஆம் வாரம், ஓராண்டு, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. லேபில் கொழுப்புப் பரிசோதனைக்கு ரீஏஜென்ட் தீர்ந்துவிட்டது என்பதற்காக எடை பார்ப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

இடுப்புச் சுற்றளவு பார்க்கத் தொடங்கும்போது, முதல் சில வாரம் டேப்பை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். வகுப்பில் கேட்காத கேள்வியெல்லாம் அப்போதுதான் வரும். புடவைக்கு மேலே அளக்கலாமா, வர மறுக்கிறவரை என்ன செய்வது, தன்னை ஏதோ செய்யப்போகிறார்கள் என்று டேப்பைக் கண்டு பயப்படுகிறவருக்கு என்ன சொல்வது என்று கேட்பார்கள். (கடைசிக் கேள்விக்கு: அன்று விட்டுவிட்டு, ‘மறுத்தார்’ என்று எழுதி, மறுநாள் கேளுங்கள். பிடித்து வைத்து அளக்கவே கூடாது.) பெண்களுக்குப் பெண் பணியாளர்தான் அளக்க வேண்டும், மறைப்புக்குப் பின்னால்.

இப்படி உடன் நிற்பது பற்றி ஆய்வுகளும் இருக்கின்றன. கலிஃபோர்னியாவின் கிரிகரி ஆரன்ஸ் குழு 2014இல் வெளியிட்ட அளவுகோல், புதிய சிகிச்சைமுறையைக் கொண்டுவரும் நேரடிப் பொறுப்பாளரிடம் நான்கு விஷயங்களைப் பார்க்கிறது: முன்கூட்டித் திட்டமிடுகிறாரா, விஷயம் தெரிந்தவரா, பணியாளருக்குத் துணை நிற்கிறாரா, சிக்கல் வரும்போது விடாமல் தொடர்கிறாரா. நார்வேயில் மன அதிர்ச்சிக்குப் பின்னான கோளாறுக்கான சிகிச்சையை மனநல மையங்களில் கொண்டுவந்தபோது, சிகிச்சையாளர்களுக்குப் பயிற்சி கொடுத்ததோடு நிற்காமல், அந்தந்த மையத்துப் பொறுப்பாளர்களுக்கும் தலைமைப் பயிற்சி கொடுத்தார்கள். நம் ஊரில் சுற்றறிக்கை நேராகச் சுவருக்குப் போய்விடுகிறது, நடுவில் இருக்கும் உங்களை யாரும் தயார்படுத்துவதில்லை. இது உங்கள் குறை இல்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கட்டங்கள் நிரம்பத் தொடங்கியதும் சிலருக்கு நான்கு வாரமும் 62, 62, 62, 62 என்று வரும். போன வார எண்ணைப் பார்த்து எழுதியிருப்பார்கள். காலிக் கட்டத்துக்குத் திட்டு விழும் வார்டில்தான் இது அதிகம் நடக்கும். “விட்டுப்போனால் காலியாக விடுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பொய் எண் மட்டும் கூடாது” என்று முன்பே சொல்லிவிடுங்கள். அவ்வப்போது இரண்டு பேரை நீங்களே மறுபடி எடை பாருங்கள். அதை எல்லோருக்கும் தெரிந்தே செய்யுங்கள்.

இதெல்லாம் எதற்கு என்று ஊழியர்கள் கேட்டால் கொழுப்பு, இன்சுலின் என்று ஸ்லைடு காட்டாதீர்கள். தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பங்கு இதயநோய் போன்ற, தடுக்கக்கூடிய உடல்நோய்களால். இதைவிட நெருக்கமான காரணம் உங்கள் வார்டிலேயே கிடைக்கும். உடம்பு பெருத்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, நோய் திரும்பி மறுபடி அட்மிட் ஆனவர் ஒருவரையாவது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அவரைப் பற்றிப் பேசுங்கள். மேலிடத்தில் மெஷினும் டேப்பும் கேட்கும்போது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவைச் சொல்லலாம். உடல்நோயாளிக்குச் சமமான மருத்துவம் மனநோயாளிக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது அது.

பி.ஜி.க்கள் சுழற்சியில் மாறுவார்கள், செவிலியர்களுக்கு டிரான்ஸ்ஃபர் வரும், உங்களுக்கும் வரலாம். அதனால் இப்போதே ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீனியராக இருக்க வேண்டியதில்லை, மற்றவர்கள் பேச்சைக் கேட்கும் ஆளாக இருந்தால் போதும். புதிதாக வரும் பி.ஜி.யிடம் சீஃப் கையெழுத்திட்ட தாளை முதல் நாளே காட்டும் வேலையை அவருக்குக் கொடுங்கள். மாதம் ஒருமுறை சீஃபிடம் ஒரே கணக்கைச் சொல்லுங்கள்: இந்த மாதம் மருந்து தொடங்கியவர்கள் இத்தனை பேர், தொடக்க எடை எழுதப்பட்டவர்கள் இத்தனை பேர். யார் எழுதவில்லை என்ற பெயர்ப் பட்டியல் அதில் வேண்டாம்.

டிஸ்சார்ஜ் சமயத்தில் கூட இருக்கும் உறவினரிடம் அன்றைய எடையையும் அடுத்து எடை பார்க்க வேண்டிய தேதியையும் எழுதிக் கொடுங்கள். சர்க்கரையோ பி.பி.யோ கண்டுபிடிக்கப்பட்டவர் என்றால், அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டும் வேண்டும். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்த இரண்டுக்குமான மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்தச் சீட்டில் அவர் எடுக்கும் மனநல மருந்தின் பெயரும் இருக்கட்டும், அங்கிருக்கும் டாக்டருக்கு அது தெரிய வேண்டும்.