பழைய கார், புது டிவி, பயமில்லாத பேய்ப் படம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மீட்டரில் நாற்பதாயிரம் கிலோமீட்டர் காட்டிய பழைய கார் ஒன்றை நம்பி வாங்கினேன். மூன்று மாதம் கழித்து சர்வீசுக்கு விட்டபோது, அங்கே இருந்த பழைய பதிவைப் பார்த்து இது ஒரு லட்சத்தை எப்போதோ தாண்டிய வண்டி என்கிறார்கள். வீட்டில் எல்லோரும் என்னை ஏமாளி என்கிறார்கள்.

பதில்: அப்படிச் சொல்கிறவர்களிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். தப்பு செய்தது விற்றவர், நீங்கள் இல்லை. முன்பெல்லாம் மீட்டரில் எண்கள் சக்கரமாகச் சுழலும், யாராவது கை வைத்தால் எண்கள் கோணலாக நின்று காட்டிக்கொடுத்துவிடும். இப்போது அந்த எண் ஒரு சிப்பில் இருக்கிறது. ஒரு கருவியைச் செருகி மாற்றிவிட்டால் முகப்பைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது, மெக்கானிக்காகவே இருந்தாலும்.

இப்போது செய்ய வேண்டியது: அந்தப் பழைய பதிவைத் தேதியோடும் கிலோமீட்டரோடும் எழுத்தில் வாங்குங்கள். விற்பனை விளம்பரம், அவர் அனுப்பிய செய்திகள், பணம் கொடுத்த ரசீது எதையும் அழிக்காதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்பிவிட்டு, பதில் இல்லையென்றால் நுகர்வோர் புகாருக்குப் போங்கள். வெட்கப்பட்டு சும்மா இருந்துவிடாதீர்கள், அந்த ஆள் அடுத்த வண்டியின் மீட்டரையும் திருப்புவார். இன்னொன்று, இந்த எண்ணை அப்படியே காட்டி வேறு யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு: பிரேக் பெடலின் ரப்பரைப் பாருங்கள், ஸ்டியரிங்கைத் தடவிப் பாருங்கள். வரி வரியாக இருக்க வேண்டிய ரப்பர் மழமழவென்று தேய்ந்திருந்தால், மீட்டர் என்ன சொன்னாலும் அந்த வண்டி நிறைய ஓடியிருக்கிறது.

கேள்வி: 'இதயம் பலவீனமானவர்கள் பார்க்க வேண்டாம்' என்று விளம்பரம் செய்த பேய்ப் படத்துக்குக் குடும்பத்தோடு போனோம். ஒருவருக்கும் பயமே வரவில்லை. டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், கிடைக்காது. அந்த எச்சரிக்கையே விளம்பரம்தான், அதுவும் ரொம்பப் பழைய விளம்பரம். 1958-ல் வில்லியம் காசில் என்ற அமெரிக்க இயக்குநர், தன் 'மெக்காபர்' படத்தைப் பார்த்துப் பயத்தில் யாராவது செத்தால் ஆயிரம் டாலர் என்று காப்பீடே எடுத்துக் கூட்டம் சேர்த்தார்.

கேள்வி: பெரிய டிவி வாங்கியிருக்கிறேன். எனக்குப் பிடித்த பேய்ப் படத்தைப் போட்டால் டிவி சீரியல் மாதிரித் தெரிகிறது. பழைய டிவியில் வந்த பயம் இதில் இல்லை. டிவி பழுதா?

பதில்: பழுது இல்லை. ஆனால் எனக்கு வருஷக்கணக்காக ஆற்றாமையாக இருக்கிற விஷயத்தில் கை வைத்துவிட்டீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சினிமா வினாடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. உங்கள் டிவி, இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத படங்களைத் தானே உருவாக்கிச் சொருகுகிறது. பந்தாட்டம் பார்க்க அது நன்றாக இருக்கும். ஆனால் இருட்டு நடையில் ஒருத்தி விளக்கோடு மெல்ல நடந்து வரும் காட்சியில், அந்த வழவழப்பு வந்ததுமே அது செட்டு, அவள் நடிகை என்று மனசுக்குத் தெரிந்துவிடுகிறது, அப்புறம் எங்கிருந்து பயம் வரும்? இது போதாதென்று கடையின் பளீர் வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று வெளிச்சத்தையும் நிறத்தையும் ஏற்றி வைக்கிறார்கள். வீட்டில் விளக்கை அணைத்ததும் இருட்டு இருட்டாக இல்லாமல் சாம்பல் பூத்துத் தெரிகிறது. பயத்தில் பாதி அந்த இருட்டில்தானே இருக்கிறது! ஒரு கலைஞன் யோசித்து யோசித்து வைத்த நிழலை, வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அழித்துவிட்டு அதையே புது வசதி என்று விற்பது எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை.

சரி, தீர்வு சுலபம். செட்டிங்ஸில் படத்துக்கான பகுதிக்குப் போய் பெயரில் 'மோஷன்' என்று வருகிற எல்லாவற்றையும் அணையுங்கள், ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும். பல புது டிவிகளில் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்றே ஒன்று இருக்கும், அதைப் போட்டால் போதும்.

கேள்வி: ஷோரூமில் காருக்கு முன்பணம் கட்டினேன். வீட்டுக்கு வந்ததும் வேறு நிறம் பிடித்துவிட்டது. முன்பணம் திரும்பாது என்று ரசீதின் பின்பக்கம் இருக்கிறதாம், நான் படிக்கவில்லை.

பதில்: கையெழுத்துப் போடுமுன் படித்திருக்க வேண்டும். இதே கடிதம் எனக்கு எத்தனை பேரிடமிருந்துதான் வரும்? நிறத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், அது அவர்களுக்கும் நஷ்டமில்லை.

கேள்வி: நாளை பழைய கார் ஒன்றுக்குப் பணம் கொடுக்கப் போகிறேன். உள்ளே கமகமவென்று வாசனை, புதுத் தரைவிரிப்பு. நன்றாக வைத்திருக்கிறார், இல்லையா?

பதில்: நாளை கொடுக்காதீர்கள். நானும் இப்படி மணக்கிற கார் ஒன்றை வாங்கினேன். இரண்டு மாதத்தில் கண்ணாடி ஏற்றும் மோட்டார் நின்றது, அப்புறம் பூட்டு, அப்புறம் ஹெட்லைட். மெக்கானிக் சீட்டுக்கு அடியில் இருந்த ஒயர் கனெக்டரைப் பிரித்துக் காட்டினார், உள்ளே பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. பிறகு டிரைவர் பக்க சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தார். எப்போதும் உள்ளேயே சுருண்டிருக்கும் கடைசி ஒரு சாணில் காய்ந்த சேறு கோடாக நின்றது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. அந்தப் பெல்ட்டை நான் முதல் நாளே இழுத்துப் பார்த்திருந்தால் என் சேமிப்பு மிஞ்சியிருக்கும்.

நீங்கள் இழுத்துப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழிக்குள் விரலால் தடவிப் பாருங்கள், மண் ஒட்டுகிறதா என்று. முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய், எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேள்வி: ஆன்லைனில் 'வாங்கிய' பேய்ப் படம் என் கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டது. பணம் கொடுத்துத்தானே வாங்கினேன்?

பதில்: உங்கள் கோபம் நியாயம். பொத்தானில் 'வாங்கு' என்று போட்டுவிட்டு, விதிமுறையில் பார்க்கும் உரிமம் மட்டும்தான் என்று எழுதுகிறார்கள். படத்தின் உரிமை அவர்கள் கையைவிட்டுப் போனால் உங்கள் படமும் போகலாம். பணம் கட்டிய மின்னஞ்சலோடு புகார் கொடுங்கள், பணத்தைக் கேளுங்கள். திரும்பத் திரும்பப் பார்க்கிற படமென்றால் டிஸ்க்காக வாங்கி அலமாரியில் வையுங்கள்.

கேள்வி: எட்டு வயது மகன் எங்களோடு பேய்ப் படம் பார்த்ததிலிருந்து தனியாகத் தூங்க மறுக்கிறான். எந்த இரவு விளக்கு வாங்கலாம்?

பதில்: மங்கலான மஞ்சள் விளக்கு எதுவானாலும் போதும். சில நாள் அவன் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள்.