டிரையல்ஸ் பைக்கும் எஸ்டிமேட் சீட்டும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: டிரையல்ஸ் பழக ஆசை, அண்ணாச்சி. பெயரிலேயே 'டிரையல்ஸ்' உள்ள பழைய 350 புல்லட் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (பாளையங்கோட்டை)

வேண்டாம். டிரையல்ஸ் என்பது பாறை, மரக்கட்டை, ஓடைக்கரை எதுவானாலும் கால் ஊன்றாமல் வண்டியை மெல்ல ஏற்றி இறக்குவது. ஒருமுறை ஊன்றினால் 1 புள்ளி, மூன்று முறையோ அதற்கு மேலோ ஊன்றினால் 3, விழுந்தால் 5. குறைந்த புள்ளிக்காரர் ஜெயிப்பார். இதற்கென்றே செய்த வண்டி 70 கிலோ சுமாருக்குத்தான் இருக்கும், உட்கார சீட்டே கிடையாது. 2019-ல் வந்த அந்த புல்லட் 187 கிலோ. ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல்ஸை ராயல் என்ஃபீல்டில் ஜெயித்தார். அந்தப் பெருமையில் வைத்த பெயர் அது. அழகான வண்டி, ஆனால் பழக ஆகாது.

வீட்டில் கிடக்கும் 100 சிசி வண்டி போதும். காலி மைதானத்தில் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, கிளட்சை ஒற்றை விரலில் பிடித்து, நடக்கிற வேகத்தில் எட்டு போடுங்கள். கால் ஊன்றாமல் எட்டு வந்த பிறகு வண்டி வாங்குவதைப் பேசலாம்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ஸ்பெயின் நாட்டு டிரையல்ஸ் வண்டி என்று படம் பார்த்து 40,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன். இப்போது போன் ஸ்விட்ச் ஆஃப். வீட்டில் சொல்லவில்லை. (வள்ளியூர்)

தம்பி, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு இப்போதே போன் போடுங்கள். புகார் சீக்கிரம் போனால் பணம் எதிராளி கணக்கிலேயே முடங்க வாய்ப்பு உண்டு. சாட், பணம் அனுப்பிய விவரம், அந்த இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாவற்றையும் அவன் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். மீதியைக் கட்டினால் வண்டி வரும் என்று வேறு நம்பரில் இருந்து கூப்பிடுவார்கள். ஒரு பைசா அனுப்ப வேண்டாம். வீட்டில் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட வேண்டியவன் ஏமாற்றியவன்.

கேள்வி: 60,000-க்கு ஆர்எக்ஸ் 100 வாங்கினேன். ஆர்சி புக் பிறகு தருவதாகச் சொன்னார். மூன்று மாதமாகிறது. (அம்பாசமுத்திரம்)

ஆர்சியைக் கண்ணால் பார்க்காமல் பணத்தை ஏன் கொடுத்தீர்கள்? எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் ஒப்பிட்டீர்களா? பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கினீர்களா? எத்தனை முறைதான் இதை எழுதுவது! தனி ஆள் விற்ற பழைய வண்டிக்கு நுகர்வோர் ஆணையம் வராது. போலீஸில் புகார் கொடுங்கள், வண்டியைத் தொடாமல் நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: டவுனில் வாங்கிய முழங்கால் கார்டின் பட்டை ஒரு வாரத்தில் அறுந்துவிட்டது. விற்றதைத் திரும்ப வாங்க மாட்டோம் என்கிறார்கள். பில் இல்லை, எஸ்டிமேட் சீட்டுதான். (மேலப்பாளையம்)

இந்த எஸ்டிமேட் சீட்டைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் நான் வாங்கிய ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. உள்துணியை உரித்தால் விரல் தடிமன்கூட இல்லாத தெர்மாகோல். நகத்தால் அழுத்தினால் குழி விழுந்தது. திருப்பிக் கொடுக்கப் போனேன். என் கையில் இருந்த சீட்டில் கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை, 'ஹெல் - 1' என்று மட்டும் பேனாவில் கிறுக்கியிருந்தது. அந்தக் கடையில் நான் எதையுமே வாங்கவில்லை என்று சாதித்துவிட்டார்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். திருப்பிக் கொடுக்கும் கெடுவை பில்லில் குறிக்காவிட்டால் 30 நாள் வரை கொடுக்கலாம். சுவரில் போர்டு மாட்டினால் சட்டம் மாறிவிடாது. அந்தச் சீட்டையும் பணம் கட்டிய ஜிபே பதிவையும் பத்திரப்படுத்தி நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குச் சொல்லுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடம் அவகாசம். விடாதீர்கள்.

கேள்வி: மகனுக்கு 15 வயது. மைதானம் வரை அவனே ஓட்டிப் போகட்டுமா? (நாங்குநேரி)

கூடாது. பிடிபட்டால் 25,000 ரூபாய் அபராதமும் சிறையும் உங்களுக்கு.

கேள்வி: டயரில் காற்றைக் குறைத்தால் பாறையில் பிடிக்குமாமே? (களக்காடு)

டிரையல்ஸ் டயரில் பின்னால் 4, 5 பிஎஸ்ஐதான் வைப்பார்கள். உங்கள் டியூப் டயரில் அப்படிச் செய்தால் டியூப் சுழன்று வால்வு பிய்யும். கொஞ்சம் குறைத்தால் போதும், ரோட்டுக்கு ஏறுமுன் திரும்ப அடித்துவிடுங்கள். வற்றிய குளத்தில் பழகுவதானால் சீமைக்கருவேல முள்ளைப் பார்த்துப் போங்கள். புலிகள் காப்பகத்துக்குள் மட்டும் வண்டியை இறக்காதீர்கள்.