கல்லுக் கொட்டிலுக்குச் சீமெந்து பூசலாமா?

வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணம் வலிகாமத்தில அப்பப்பா கட்டின புகையிலைக் கொட்டில், சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், சுவர் 18 அங்குலம், கூரை விழுந்திட்டுது, அடியில 3 அடிக்குப் பூச்சு பொருக்குப் பொருக்கா உதிருது. கொன்ட்ராக்டர் எல்லாத்தையும் கொத்திப்போட்டு சீமெந்து பூசச் சொல்றாராம். பூசலாமா எண்டு கேக்கிறார்.

பூச வேண்டாம் தம்பி. அந்தக் காலத்துச் சுவருக்கு அடியில ஈரம் மறிக்கிற தட்டு ஒண்டும் இல்லை, நிலத்து ஈரம் கல்லுக்குள்ளால ஏறி சுண்ணாம்புப் பூச்சால வெளியில போகும், வரேக்க உப்பையும் கொண்டுவரும், அந்த உப்புத்தான் பூச்சை உதிர்க்குது. அதாவது கல்லுக்குப் பதிலா பூச்சு சாகுது. அதுதான் அதின்ர வேலை. சீமெந்து பூசினா ஈரத்துக்கு வழி இல்லை, இன்னும் மேல ஏறும், உப்பு உள்ளுக்க நிண்டு கல்லைத் தின்னும். உரும்பிராய்ப் பக்கம் ஒரு சுவரில கழண்ட சீமெந்துத் துண்டைத் திருப்பிப் பார்த்தன், பின்பக்கம் அரை அங்குலத்துக்குக் கல்லு மாவா ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

ஒண்டு மட்டும் கவனம். முந்தியே ஆரோ சீமெந்து பூசி, அது கல்லோட இறுகிப் பிடிச்சிருந்தா கொத்தாதேங்கோ. தட்டிப் பாருங்கோ, டொக்கு டொக்கெண்டு கோறையா, உள்ளுக்க வெறுமையாக் கேட்டா மெதுவா உளியால எடுக்கலாம், கல்லுச் சத்தம் கேட்டா விடுங்கோ, எடுக்கப்போனா கல்லின்ர முகமும் சேர்ந்து வரும், ஒரு இடத்தில கோறை பக்கத்தில இறுக்கம் எண்டா கோறையை மட்டும் எடுங்கோ. மெஷின் போட விடவே வேண்டாம்.

இனி சாமான். கொழும்பு ஹார்ட்வெயார்ல சுண்ணாம்பு எண்டு கேட்டா சில இடத்தில டொலமைற் பையைத் தூக்கித் தருவாங்கள், அது தென்னைக்குப் போடுற பசளை, சாந்தா இறுகாது. சுட்ட கல்லுச் சுண்ணாம்பாக் கேளுங்கோ, ஒரு கட்டியைத் தண்ணி வாளிக்குள்ள போட்டா சீறிக் கொதிச்சு உடையோணும், கண்ணைத் தள்ளி வைச்சுக்கொள்ளுங்கோ. கடல் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையைச் சுட்ட சுண்ணாம்பு மலிவா இருக்கு எண்டு வாற தரகரை வாசலோட அனுப்புங்கோ. கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988ஆம் ஆண்டு வந்த திருத்தத்தோட கரையோரத்தில முருகைக்கல் தோண்டுறதும் சுடுறதும் தடை. நல்ல சட்டம்தான், ஆனா பழங்கட்டடம் திருத்திறவன் சுண்ணாம்புக்கு எங்க போறது எண்டு சொல்ல ஒரு ஒப்பீஸும் இல்லை. வங்கியில கடன் கேட்டா அதைவிடக் கொடுமை, எஸ்டிமேட்டில சுண்ணாம்பு எண்டு எழுதினா பேப்பர் திரும்பி வரும், எனக்கே ரெண்டு தரம் வந்தது. சீமெந்து மூட்டைக் கணக்கு இல்லாட்டி அவங்களுக்கு அது கட்டடமே இல்லை.

இன்னொரு கூட்டம் வரும், "கல்லெல்லாம் பழுது, நாங்களே இடிச்சுத் துப்புரவாக்கித் தாறம், காசு வேண்டாம்" எண்டு. அவங்களுக்குத் தேவை கூரை தாங்கின உங்கட பனை மர வளையும் கதவு நிலையும். வைரமான பனையை இண்டைக்குத் தேடிப் பாருங்கோ, விலை தெரியும். ஒரு துண்டும் வெளிய போக விடாதேங்கோ.

கலவை, தண்ணியில உடைய விட்டு (நீத்தி) ஊற வைச்ச சுண்ணாம்பு 1, உப்பில்லாத பருமணல் 3. ஒரு பூச்சு 10 மில்லிமீற்றருக்கு மேல வேண்டாம், நனைச்ச சாக்குத் தொங்கவிட்டு மெதுவாக் காய விடுங்கோ. ஆனா அதுக்கு முதல் கூரையைப் போடுங்கோ, சுவர் ஒரு கோடை முழுக்கக் காயட்டும், அதுவரைக்கும் கொன்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் குடுக்காதேங்கோ.